கோச்சியில் பாடிய சிறுமி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் நம் இலங்கை மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தைப் பற்றி வந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பாடகியும் நடிகையுமான கே. பி. சுந்தராம்பாள் சிறுமியாக இருந்தபோதே இலங்கை மேடையில் பாடினார் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். காமனை எரித்த கதையை ஒருவரும் பொருட்படுத்தவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியவை. ஆகையால் இம்முறை பக்கம் முழுவதையும் அந்தச் சிறுமிக்கே விட்டுவிடுகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தபடியால் பெயர்களை விடுத்து ஊர்களை மட்டும் குறித்திருக்கிறேன்.

நாவலப்பிட்டி வாசகர்: ஐயா, சுந்தராம்பாள் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது திரைப்படத்தில் கையில் கோலும் நெற்றியில் திருநீறுமாக நிற்கும் ஔவைப் பாட்டிதான். அவரைச் சிறுமியாக எண்ணிப் பார்க்கவே முடியவில்லை. அந்தப் பருவத்தைப் பற்றிக் கூறுவீர்களா?

பதில்: தங்களுக்கு மட்டுமன்று, நம்மில் பலருக்கும் அப்படித்தான். 'ஔவையார்' படம் 1953இல் வெளிவந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்தைந்துதான். ஆயினும் அந்த நரைத்த தலை அவருடைய முன்வாழ்வு முழுவதையும் நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

காவிரிக் கரையில் உள்ள கொடுமுடியில் 1908ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கே. பி. என்னும் முதலெழுத்துகளில் ஊரும் தாயாரும் இருக்கிறார்கள்: கொடுமுடி, பாலாம்பாள். தந்தையின் பெயருக்கு அங்கே இடமில்லை. வீட்டிலும் அவருடைய துணை நெடுநாள் இருக்கவில்லை. பாலாம்பாள் சுந்தராம்பாளையும், அவருடன் பிறந்த தம்பியையும் தங்கையையும் தனித்து நின்று வளர்க்க வேண்டியவரானார். கரூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே ஓடும் ரயில் கொடுமுடியில் நின்று போகும். அந்த வண்டியில், நம் தோட்டத்துப் பெரியவர்கள் கோச்சி என்பார்களே அதில், ஏறிப் பாடிப் பயணிகள் கொடுக்கும் காசைக் கொண்டுபோய்த் தாயிடம் சேர்ப்பது அந்தப் பிள்ளையின் வேலையாயிற்று.

வேலை என்ற சொல்லை வேண்டுமென்றேதான் இட்டிருக்கிறேன். கொடுமுடிக் கோகிலம் என்று பிற்காலத்தில் அவரைப் புகழ்ந்தவர்கள், குயில் தானாகக் கூவியது போலவே இந்தப் பகுதியைச் சொல்லிக்கொண்டு போவார்கள். குயிலுக்கு உலை வைக்க வேண்டிய கவலை கிடையாது.

ரயிலில் கேட்ட குரலை மேடைக்குக் கொண்டு சேர்த்தவர் யார் என்பதை இருவிதமாகச் சொல்வார்கள். திருச்சியில் ரயில்வே அதிகாரியாகவும் பெயர்பெற்ற நாடக நடிகராகவும் இருந்த எஃப். ஜி. நடேச ஐயர் என்பது ஒரு வழக்கு. கரூரில் இருந்த காவல்துறை அதிகாரி ஒருவர் என்பது மற்றொரு வழக்கு. நடேச ஐயர் பிள்ளைக் குரல்களைத் தேடிப் பிடிப்பதில் வல்லவர் என்பதில் ஐயமில்லை, எம். கே. தியாகராஜ பாகவதரைப் பத்து வயதளவில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக மேடையேற்றியவரும் அவரே. எந்த வழக்கைக் கொண்டாலும் கதை வந்து சேரும் இடம் வேலு நாயரின் நாடகக் கம்பெனி.

அங்கே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது பெண் வேடமன்று. நல்லதங்காள் நாடகத்தில் நல்லதங்காளின் மூத்த மகனாக அவர் வந்தார். பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளித் தானும் விழுந்த அந்தத் தாயின் கதையை நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலும் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதில் பசி தாங்க மாட்டாமல் தாயிடம் மூத்தவன் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அதைச் சுந்தராம்பாள் பாடியபோது கொட்டகையே அழுதது என்பார்கள். கம்பெனியில் சேர்ந்த பிள்ளைக்குப் பாட்டுவாத்தியாரும் ஆர்மோனியமும் விடிவிடியப் பாடமும் இருந்தன. எனினும் அந்த ஒரு பாட்டில் வாத்தியார் திருத்த வேண்டியது அதிகம் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பண்டாரவளை வாசகர்: அவர் இலங்கைக்கு எப்போது வந்தார்? எங்கள் பூட்டனார் அவரை நேரில் பார்த்ததாக வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். 1917இல், ஒன்பது வயதளவில், அவர் கொழும்புக்கு வந்து நடித்தார். அதன்பின் இந்தத் தீவின் பல ஊர்களிலும் மேடையேறி, ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் இலங்கை ரசிகர்களின் செல்லப்பிள்ளையாக வளர்ந்தார். தமிழ்நாடு அவரை முழுமையாகக் கொண்டாடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கொழும்பில் கைதட்டு வாங்கி வந்தவர் என்பது அக்காலத்துத் தமிழ்நாட்டு நாடக உலகில் சிறிய சான்றிதழ் அன்று.

அந்தப் பயணத்தின் வழியைக் கவனியுங்கள். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின், சென்னையில் ரயிலேறியவர் கடலைக் கடந்து மறுபடியும் ரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம் என்றாயிற்று. நாடகக் கம்பெனிகள் திரைச்சீலைகளையும் பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு இலங்கைக்குப் படையெடுத்ததற்கு இந்த வசதி ஒரு பெருங்காரணம். மண்டபம் முகாமில் அடைத்து வைத்துச் சோதித்து அனுப்பப்பட்ட நம்முடைய முன்னோரும் அதே கப்பலில்தான் வந்தார்கள். கொழுந்து பறிக்க வந்தவர்களும் பாட வந்த பிள்ளையும் ஒரே துறையில் இறங்கினார்கள் என்பதை நினைக்கும்போது, அவரை வேற்றூரார் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளை சம்பளத்துக்குப் பாடியது நமக்குத்தான் வியப்பு. இலங்கைத் தோட்டத் தொழிலாளருக்கு 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டபோது, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, சிறுவருக்கு ஒன்று என மூன்று விகிதங்கள் வகுக்கப்பட்டன. பிள்ளை உழைப்பது நாட்டின் சட்டப் புத்தகத்திலேயே இருந்தது. தங்கள் பூட்டனார் அந்தச் சிறுமியை மேடையில் பார்த்திருந்தால், "இந்தப் பிள்ளைக்கு நம் பிள்ளையைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது" என்றுதான் எண்ணியிருப்பார்.

மஸ்கெலியா வாசகர்: சிறு வயதில் அருமையாகப் பாடிய ஆண் பிள்ளைகள் பலர் பிறகு இருந்த இடம் தெரியாமல் போகிறார்களே, ஏன்? சுந்தராம்பாளுக்கு அந்த ஆபத்து வரவில்லையா?

பதில்: நாடகக்காரர்கள் இதற்கு மகரக்கட்டு என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையே ஆண் பிள்ளையின் குரல்வளை விரைவாக வளர்கிறது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ஏழு சுரங்கள் கொண்ட ஒரு முழு அடுக்கு, கீழே இறங்கிவிடுகிறது. இறங்கும் காலத்தில் அது ஒரு சொல்லில் கீழேயும் அடுத்த சொல்லில் மேலேயுமாகத் தடுமாறும். இதையே மகரக்கட்டு என்றார்கள். சிறுவர்களை மட்டுமே வைத்து நடத்தப்பட்ட பாலர் கம்பெனிகளுக்கு இது பெரிய இடி. நேற்றுவரை கதாநாயகனான ராஜபார்ட்டாகவும் பெண் வேடமான ஸ்திரீபார்ட்டாகவும் கொட்டகையை நிறைத்த பையனுக்கு இன்று குரலில்லை. முதலாளி வேறு பையனைத் தேடுவார். அக்காலத்து நடிகர்களின் வாழ்க்கைக் கதைகளில் தாயின் மரணத்துக்கு அடுத்தபடியாகக் கண்ணீர் சிந்தப்பட்ட இடம் இதுவாகத்தான் இருக்கும்.

பெண் பிள்ளையின் குரலும் மாறும். ஆனால் சில சுரங்கள் அளவில் மெல்ல இறங்குவதால் கேட்பவர்கள் அதிகம் கவனிப்பதில்லை. சுந்தராம்பாளுக்கு இயற்கை செய்த உதவி அது. ஆயினும் அந்த உதவியை மட்டும் நம்பி அவர் நிற்கவில்லை. குரல் மாறும் வயதில் அவர் நாள்தோறும் மேடையில் இருந்தார். வேடம் மாற மாறப் பாட்டும் மாறியது. பசித்த பிள்ளையின் பாட்டிலிருந்து வள்ளியின் பாட்டுக்கும், அங்கிருந்து ராஜபார்ட்டின் பாட்டுக்கும் படிப்படியாக வந்தார். குழந்தை என்பதற்காகக் கைதட்டுவதை ரசிகர்கள் நிறுத்திய நாளில் கலைஞர் என்பதற்காகக் கைதட்ட வேண்டியவர்களாக இருந்தார்கள்.

மகரக்கட்டைக் கடந்தும் உச்சத்திலேயே நின்ற ஆண் குரல் ஒன்று உண்டு. செங்கோட்டையில் 1906இல் பிறந்து, ஆறு வயதளவில் மேடையேறிய எஸ். ஜி. கிட்டப்பா. ஆண் பாடகர்கள் பலர் ஒன்று, ஒன்றரைக் கட்டை என்னும் தாழ்ந்த சுருதியில் பாட, கிட்டப்பா பெண் குரலுக்குரிய உயரத்தில் பாடினார். அப்படிப் பாடுவதால் அவருக்குத் தொண்டை கட்டியது என்றோ சுருதி பிசகியது என்றோ நான் கேள்விப்பட்டதில்லை. இசைத்தட்டுகளில் அந்தக் குரலை இன்றும் கேட்கலாம். ஆனால் 1933 டிசம்பர் 2ஆம் நாள், இருபத்தேழு வயதில், அவர் காலமானார்.

பதுளை வாசகி: கிட்டப்பாவுக்காகத்தான் சுந்தராம்பாள் வாழ்நாள் முழுவதும் வெள்ளைச் சேலை உடுத்தினாரா?

பதில்: ஆம். அவர்கள் இருவரும் ஜோடியாக நடிக்கத் தொடங்கியதும் கொழும்பில்தான், 1926இல். வள்ளி திருமணத்தில் அவர் வேலனாகவும் இவர் வள்ளியாகவும் எதிர்ப்பாட்டுப் பாடியதைக் கேட்பதற்கென்றே மக்கள் திரண்டார்கள். அடுத்த ஆண்டில் மணமும் நடந்தது. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தார். ஆறேழு ஆண்டு மணவாழ்க்கையில் பிரிவே அதிகம். சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. மானமும் அன்பும் ஒன்றோடொன்று சண்டையிடும் கடிதங்கள் அவை. கணவர் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அன்று வெள்ளைக்கு மாறினார். நகை அணிவதை விட்டார். வேறோர் ஆணுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவு செய்தார். இதைக் காவியக் காதல் என்று சிலாகிப்பவர்களோடு நான் முழுவதும் ஒத்துப்போக மாட்டேன். மேடையில் தனியாக நின்ற இளம் பெண்ணுக்கு அந்த வெள்ளைச் சேலை ஒரு வேலியாகவும் இருந்தது.

அப்புத்தளை வாசகர்: ஒரு படத்துக்கு ஒரு இலட்சம் ரூபாய் வாங்கினாராமே? 1930களில் அது நடக்கக்கூடிய காரியமா?

பதில்: நடந்தது. 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்குத்தான் அந்தத் தொகை. சினிமாவே வேண்டாம் என்றிருந்த அவர், கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று எண்ணி அந்தத் தொகையைச் சொன்னதாகவும், தயாரிப்பாளர் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொல்வார்கள். படத்தில் நந்தனாராக அவரே ஆண் வேடத்தில் நடித்தார். நந்தனாரின் எசமானரான வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாத ஐயர். பெரும் சங்கீத வித்துவான் ஒருவரும் நாடகக் கொட்டகையில் வளர்ந்த ஒரு பெண்ணும் சமமாகத் திரையில் தோன்றினார்கள். படம் பெரிதாக ஓடவில்லை.

தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ரயிலில் காசு பொறுக்கிய காலத்தில் அந்தக் குரலுக்கு விலை வைத்தவர்கள் மற்றவர்கள், கம்பெனியிலும் அப்படியே. முதன்முறையாக விலையையும் வேடத்தையும் நிபந்தனையையும் தாமே சொன்னது இங்கேதான். புகழ்பெற்ற குழந்தைப் பாடகர்களில் எத்தனை பேருக்கு அந்த நாள் வாய்த்தது என்று எண்ணிப் பாருங்கள்.

ஹட்டன் வாசகர்: எம். எஸ். சுப்புலட்சுமியும் டி. கே. பட்டம்மாளும் சிறு வயதிலேயே பாடியவர்கள்தானே? அவர்களை விட்டுவிட்டு இவரை மட்டும் ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்?

பதில்: தூக்கிப் பிடிக்கவில்லை, கேட்டார்கள், சொல்கிறேன். எம். எஸ். தமது பத்தாவது வயதில், 1926இல், இசைத்தட்டில் பாடினார். பட்டம்மாளும் பத்து வயதில், 1929இல், சென்னை மாநகராட்சி வானொலியில் பாடினார். ஆனால் எம். எஸ். பிறந்தது வீணை வாசிக்கும் தாயின் வீட்டில். பட்டம்மாளின் தாயாரும் இசை அறிந்தவர். வீட்டிலேயே சுருதி இருந்தது. சுந்தராம்பாளின் சுருதிப்பெட்டி ரயில் சக்கரம். வேறுபாடு அவ்வளவே, தரத்தில் ஏற்றத்தாழ்வு சொல்ல நான் வரவில்லை.

கொட்டகலை வாசகி: ஐயா, எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். மாரியம்மன் திருவிழாவில் அவள் பாடிய பாட்டைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து யாரோ பரப்பிவிட, இப்போது உறவினர் எல்லாரும் அவளை இந்தியத் தொலைக்காட்சிப் போட்டிக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். சுந்தராம்பாள் இந்த வயதில்தான் தொடங்கினார் என்று என் மாமனாரும் சொல்கிறார். அவளுடைய பாடசாலையில் சங்கீத ஆசிரியர் கிடையாது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: அம்மா, இந்தக் கடிதத்துக்காகத்தான் மற்றக் கடிதங்களைச் சுருக்கினேன். தங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. சுந்தராம்பாள் அந்த வயதில் தொடங்கினார். ஆனால் அந்த வயதில் புகழின் உச்சிக்கு ஏற்றப்படவில்லை. தொடங்கியதற்கும் நாடறிந்ததற்கும் இடையே பத்தாண்டுகள் கிடந்தன. தொலைக்காட்சிப் போட்டியில் அந்தப் பத்தாண்டு சில மாதங்களாகச் சுருங்கிவிடுகிறது. 2023இல் நம் மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து போன சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சியில் பாடியபோது, நாமெல்லாரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தோம்; நானும் கண்கலங்கினேன். நம் லயத்துப் பிள்ளையின் குரல் அத்தனை நாடுகளுக்குக் கேட்டது சாதாரணக் காரியமன்று. ஆகவே போகவே கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை.

முதலில் குரலைப் பாருங்கள். பிள்ளையின் குரல்நாண்கள் சிறியவை, மென்மையானவை. அவற்றின் உள்ளமைப்பு வளர்பருவம் முடியும் வரை முழுமை பெறுவதில்லை. போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் செய்யும் பெருந்தவறு, பெரியவர்கள் பாடிய திரைப்பாட்டை அதே சுருதியில், அதே அழுத்தத்தில் கரோக்கி இசையோடு பாடிப் பழகுவது. சுருதியைப் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். பிள்ளையைச் சுருதிக்கு ஏற்றபடி இழுக்கக் கூடாது. கைத்தொலைபேசியிலேயே சுருதியை ஏற்றி இறக்கும் வசதி இப்போது இருக்கிறது. சளியும் இருமலும் இருக்கும் நாள்களில் பாட விடாதீர்கள். நம் பனிக்காலத்தில் அது அடிக்கடி வரும். குரல் கரகரத்து இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நீடித்தால் வீட்டு வைத்தியத்தோடு நின்றுவிடாமல், வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். ஓயாது உரத்துக் கத்தும் பிள்ளைகளுக்குக் குரல்நாணில் சிறு முடிச்சுகள் விழுவதுண்டு. பெரும்பாலும் ஓய்வும் பயிற்சியுமே அவற்றைக் குணப்படுத்திவிடும்.

அடுத்தது கல்வி. இங்கே சுந்தராம்பாளைவிட எனக்கு வடநாட்டுப் பாடகர் குமார் கந்தர்வரின் கதைதான் நினைவுக்கு வருகிறது. கர்நாடகத்தில் பெல்காம் பக்கத்தில் 1924இல் பிறந்த அவர், உஸ்தாதுகள் எனப்படும் பெரிய வடநாட்டு வித்துவான்களின் இசைத்தட்டுகளைக் கேட்டு அப்படியே பாடிக்காட்டும் பிள்ளை. கந்தர்வர் என்ற பட்டத்தையே சிறுவயதில் கொடுத்துவிட்டார்கள். 1935இல் பம்பாய் இசை மாநாட்டில் பாடிப் பெரும் வித்துவான்களை வியக்க வைத்தார். அதன்பின் அவரைச் சார்ந்தவர்கள் செய்தது அரிய காரியம்: ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காசு சேர்ப்பதை நிறுத்தி, பி. ஆர். தேவ்தர் என்னும் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். பிறர் குரலில் பாடிய பிள்ளைக்குத் தன் குரல் எது என்று தேட ஆண்டுகள் கிடைத்தன. இளம் வயதிலேயே காசநோய் வந்து, ஐந்தாறு ஆண்டு பாடவே முடியாமல் மத்தியப் பிரதேசத்துத் தேவாஸில் படுத்துக் கிடந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்தபின் பிழைத்து, 1950களில் எழுந்து வந்து பாடியபோது அது வேறு யாருடைய குரலும் அன்று. படுக்கையில் கிடந்த காலத்தில் சன்னலுக்கு வெளியே அந்த மால்வாப் பகுதியின் நாட்டுப்புறப் பெண்கள் பாடியதைக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டவர் அவர். நகலெடுப்பதில் கைதேர்ந்த பிள்ளைக்குத்தான் ஆசிரியர் அதிகம் தேவை என்பது என் துணிபு.

பாடசாலையில் ஆசிரியர் இல்லை என்கிறீர்கள். நம் கல்வி வலயங்களில் இது பழைய புண்; இங்கே கிளறவில்லை. பக்கத்து நகரத்தில் வாரம் ஒருமுறையாவது கற்பிக்கும் ஒருவரைத் தேடுங்கள். சனிக்கிழமை பஸ் செலவு, போட்டிக்குப் போகும் செலவில் நூறில் ஒரு பங்கும் ஆகாது. கோயிலில் தேவாரம் முறையாக ஓதத் தெரிந்தவர் இருந்தால் அவரிடமே தொடங்கலாம். பண்ணோடு பாடிப் பழகிய நாவுக்குச் சுருதி பிசகாது. வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகள் தரம் தரமாக இருப்பதால், அடுத்தது என்ன என்ற தெளிவு பிள்ளைக்கு இருக்கும். அகில இலங்கைத் தமிழ்த் தினப் போட்டி மேடை நடுக்கத்தைப் போக்கும். தோற்றாலும் திங்கட்கிழமை வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போகலாம். பிற்காலத்தில் இதையே படிப்பாகக் கொள்ள விரும்பினால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரில் உள்ள கலைப் பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்தர் பெயரில் உள்ள நிறுவனமும் இருக்கின்றன.

இவற்றுக்குப் பிறகும் போட்டிக்கு அழைப்பு வந்தால், கையெழுத்திடும் முன் தாளை முழுவதும் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்த ஒருவரை வைத்துப் படியுங்கள். பிள்ளையோடு யார் தங்குவது, எத்தனை வாரம், விசா எத்தனை நாளுக்கு, பாடசாலை வரவு என்னாகும், அவள் பாடிய பதிவு யாருக்குச் சொந்தம், இடையில் திரும்பி வர விரும்பினால் தடை உண்டா என்பவற்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016 முதல் பதினாறு. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயதும் 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டிருக்கிறது. சுந்தராம்பாளின் தாயாருக்கு இப்படி ஒரு சட்டத்தின் துணை இருக்கவில்லை, தங்களுக்கு இருக்கிறது. வீட்டுச் செலவை அவள் குரலின் மேல் ஏற்றாதீர்கள். கடன் வாங்கிப் போனால் அந்த எடை தானாகவே அவள் தொண்டையில் ஏறிவிடும்.

ஒன்றை மறந்துவிட்டேன். பாட விருப்பமா என்று மகளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் உறவினர் எல்லாரும் பேசுகிறார்கள், அவள் பேசவில்லை.

நுவரெலியா வாசகர்: சுந்தராம்பாளுக்கு அரசியல் தொடர்பு இருந்ததாமே? பிற்காலம் எப்படி?

பதில்: காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இழுத்து வந்து காங்கிரஸ் மேடைகளில் பாட வைத்தார். 1937இல் காந்தியடிகள் கொடுமுடியில் அவர் வீட்டுக்கு வந்தபோது பொன் தட்டில் உணவு பரிமாறியதாகவும், சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்று கேட்டு அதையும் நிதிக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டதாகவும் கதை உண்டு. காந்தியை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. 1950களில் சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராக இருந்தார். 'துணைவன்' படத்தில் பாடியதற்காக 1969ஆம் ஆண்டின் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970இல் பத்மஸ்ரீயும் பெற்றார். 1980இல் காலமானார்.

தலவாக்கலை மாணவர் ஒருவர்: ஒலிபெருக்கி இல்லாமல் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரு சிறுமியின் குரல் எப்படிக் கேட்டிருக்கும்? பொய் சொல்கிறார்கள் என்று என் நண்பன் சொல்கிறான்.

பதில்: நல்ல கேள்வி, தம்பி. மனிதக் காது எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் கேட்பதில்லை. ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள, அதாவது நொடிக்கு அத்தனை முறை அதிரும், ஒலிகளே அதற்கு மிகக் கூர்மையாகப் படும். உயர்ந்த சுருதியில், வாயை நன்றாகத் திறந்து, சொல்லை நசுக்காமல் பாடும் குரலில் அந்தப் பகுதி வலுவாக இருக்கும். அதனால்தான் அக்காலத்து நாடகக்காரர்கள் ஆண், பெண், பிள்ளை எல்லாரும் உச்சச் சுருதியில் பாடினார்கள். கொட்டகையின் தகரக் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்பி உதவும். பாட்டு பிடித்துப்போனால் 'ஒன்ஸ்மோர்' என்று கூவி மறுபடி பாட வைப்பதும் வழக்கம். முதன்முறை கேட்காதவர்களுக்கு இரண்டாம் முறை கேட்டுவிடும்.

உன் நண்பனை ஒரு காலையில் மலைக்கு அழைத்துப் போ. பனி விலகிய நேரத்தில், இந்தச் சரிவில் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் எதிர்ச் சரிவில் இருக்கும் தன் தோழியைப் பெயர் சொல்லி அழைப்பதைக் கேட்கச் சொல். எந்த எழுத்தை நீட்டி, எந்தச் சுருதியில் அழைக்கிறார் என்பதைக் கவனித்து, எனக்கு எழுது.